கழுவாமல் அனுப்பு

மஸ்கெலியா
20.12.1953

கொழும்பில் இருக்கும் மகள் வீரம்மாவுக்கு அப்பா அழகுமுத்து சொல்ல, தோட்டப் பள்ளிக்கூடத்து ஜெயமலர் டீச்சர் எழுதுவது.

டீச்சர் மேலே தேதி போட்டிருக்கிறார். எனக்குத் தேதி நிற்காது. அரிசி விலையை ஏற்றி, ஜனங்கள் ரயிலை மறித்து, மந்திரிமார்கள் கரையில் இருக்கப் பயந்து கப்பலில் ஏறி உட்கார்ந்து கூட்டம் போட்டார்களே, அந்த வருஷத்து மார்கழி. உன் மகள் நாகலெட்சுமி தவழத் தொடங்கியதும் அந்த வருஷந்தான். அவளை விட்டுவிட்டு நீ துரை பங்களாவுக்கு ஆயாவாகப் போனதும் அந்த வருஷந்தான். இனி யாரும் தேதி கேட்டு என்னை மடக்க வேண்டாம்.

நான் சுகம். நாகுவும் சுகம் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். உன் புருஷன் செல்லசாமி நோட்டன் பிரிட்ஜ் கரண்டு வேலையிலிருந்து போன ஞாயிறு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனான். அங்கே நீயும் துரையின் பிள்ளைகளும் சுகமா? பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, கேட்டதாகச் சொல்.

நீ துரை குடும்பத்தோடு கொழும்புக்குப் போன அன்று, கார் இந்த வழியாகத்தான் இறங்கும் என்று நாகுவைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் எல்லாம் கைப்பிள்ளையை விட்டுப் போகிற இடம். அங்கே நின்றால் துரைசாணிக்கும் மனசு இளகும் என்று நினைத்தேன். கார் வந்தது. நீ கண்ணாடிக்குள் இருந்து பார்த்தாய். மடியில் ஒரு வெள்ளைப் பிள்ளை, பக்கத்தில் ஒரு வெள்ளைப் பிள்ளை. கார் நிற்கவில்லை. நின்றிருந்தால் மலை சரிந்திருக்குமா? பங்களா நாய்க்குக் குமட்டினால் நிற்கிற கார் அது.

இன்னொரு சமாசாரம். நாகு உன் நீலச் சேலையில் கட்டிய தொட்டிலில்தானே தூங்குவாள். பிள்ளைக்காம்பராவைப் பார்க்கும் காளியாயி அக்கா, நல்லது செய்வதாக நினைத்து அதை வெந்நீரில் போட்டுத் துவைத்துவிட்டாள். அன்றிலிருந்து பிள்ளையைத் தொட்டிலில் போட்டால் கத்துகிறாள். "தாயி வாசத்த ஆத்தோட விட்டுட்டியேக்கா" என்று கேட்டேன். "அழுக்கா இருந்துச்சுடா" என்கிறாள். எனக்கு வயசு எத்தனை ஆனாலும் அவளுக்கு நான் டாதான்.

நீ உடுத்திய சேலை ஒன்றைத் தபாலில் அனுப்பு. கழுவாமல் அனுப்பு.

கோபத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதட்டுமா என்று டீச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அப்பா.


கொழும்பு
18.1.1954

அப்பாவுக்கு மகள் வீரம்மா வணங்கி எழுதுவது. நான் இங்கே நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? காளியாயி அத்தையிடம் நான் கோபப்படவில்லை என்று சொல்லுங்கள்.

பிள்ளைகளோடு இவர்கள் ஊர்விட்டு ஊர் போவது நம் லயத்து வீட்டு வரிசையே குடி பெயர்கிற மாதிரி. கொதித்தாறிய தண்ணீர் பிளாஸ்கில், பால்மா டின், ரப்பர் விரிப்பு, துண்டுத் துணி மூட்டை, மடிக்கிற கட்டில், கொசுவலை, காரில் குமட்டினால் பிடிக்க ஒரு பேசின். ஒன்று குறைந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். பெரியவன் டேவிட் மூன்று வயசு, தமிழ்தான் பேசுகிறான். சின்னவள் நம் நாகுவைவிடக் கொஞ்சம் இளையவள்.

சாயங்காலம் காலிமுகத்திடலுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறேன். கடல் எவ்வளவு பெரிது என்று எழுதத் தெரியவில்லை. காற்றாடி விற்கிறார்கள். நாகு பார்த்தால் சிரிப்பாள்.

சேலை அனுப்பியிருக்கிறேன். நாகுவுக்குப் பல் வந்ததா? மேல் பல்லா, கீழ்ப் பல்லா? எழுதுங்கள்.

மகள் வீரம்மா.


மஸ்கெலியா
7.2.1954

மகள் வீரம்மாவுக்கு அப்பா. என் முழங்காலை விசாரிக்க வேண்டாம். அது இருக்கிற இடத்தில் இருக்கிறது, உன்னைப் போல ஊர் சுற்றப் போகவில்லை.

சேலை வந்தது. பிரித்தேன். சோப்பு வாசமும் கஞ்சி போட்ட மொரமொரப்பும். அடியில் ஏதோ பவுடர். அதில் தொட்டில் கட்டி நாகுவைப் போட்டேன். முகத்தைத் திருப்பித் திருப்பித் தேடினாள்; பிறகு யாரோ வீட்டில் போட்டுவிட்ட மாதிரி அழுதாள். யாருடைய சேலையை அனுப்பினாய்? கழுவாமல் என்று டீச்சர் கோடு போட்டு எழுதினாரே. துரையின் பிள்ளைக்குப் பிளாஸ்க் மறக்காதவளுக்குத் தன் பிள்ளைக்கு அழுக்குச் சேலை ஒன்று அனுப்பத் தெரியவில்லையா?

காற்றாடியைப் பற்றி எழுதினாய். கடலைப் பற்றி எழுதினாய். எப்போது வருவாய் என்று எழுதவில்லை. கார் ஏன் நிற்கவில்லை என்றும் எழுதவில்லை.

பிள்ளைகளோடு வழிப்போவதைப் பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது. என் அம்மா வேலாயி சொல்லி நான் கேட்டது. ஒரு சொல் மாறாமல் வைத்திருக்கிறேன். ரயில் இல்லாத காலம். மன்னாரில் தோணியைவிட்டு இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த கூட்டம். நான் அம்மா வயிற்றில். மற்றப் பெண்களிடம் கைப்பிள்ளைகள். காளியாயி அக்கா அப்போது சிறுமி. அவளைப் பெற்றவள் வேறொருத்தி; அந்தத் தாய் காய்ச்சலில் தள்ளாட, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள்தான் நடந்தாள். வழியில் ஒரு சத்திரத்தில் கங்காணி சொன்னான்: "புள்ளைங்கள இங்க விட்டுட்டு நடங்க. பின்னால வண்டியில வரும்." வண்டியாவது வருவதாவது. என் அம்மா அவன் முகத்துக்கு நேரே சொன்னாள்: "விட்டுட்டு நடக்கத் தெரிஞ்ச காலு எங்ககிட்ட இல்ல." ஒரு பெண்ணும் பிள்ளையை இறக்கவில்லை. செத்த பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நடந்து, மண் இளகிய இடம் பார்த்துத்தான் புதைத்தார்கள்.

அவர்களிடம் ரப்பர் விரிப்பு இருந்ததா? பேசின் இருந்ததா?

"தாத்தா, இப்பிடி எழுதினால் அந்தப் பிள்ளை அழுமெல்லோ" என்கிறார் டீச்சர். அழட்டும். இங்கே ஒன்று அழுதுகொண்டுதான் இருக்கிறது.

கீழ்ப் பல். இரண்டு.

அப்பா.


பெந்தோட்டை
14.3.1954

அப்பாவுக்கு வீரம்மா. பதில் எழுதப் பிந்திவிட்டது. நான் சுகம். நீங்களும் நாகுவும் சுகமாக இருக்க வேண்டும்.

அந்தச் சேலை என்னுடையதுதான் அப்பா.

இங்கே கடற்கரையில் ஒரு பங்களாவில் இருக்கிறோம். டேவிட் அலையைக் கண்டு பயந்து என் காலைக் கட்டிக்கொள்கிறான். "ஆயா, தண்ணி என்னைத் தொரத்துது" என்கிறான். சின்னவளை மணலில் விட்டால் மணலைத் தின்கிறாள். இவர்களைப் பார்த்துக்கொண்டே பொழுது போய்விடுகிறது.

கொழும்பில் என்னை ஒரு கடைக்குக் கூட்டிப்போய்ப் போட்டோ பிடித்தார்கள். வெள்ளைச் சேலையில், சுவரோரம், தனியாக. சிரிக்கக் கூடாது என்றார் போட்டோக்காரர்.

நாகு எதையாவது பிடித்து நிற்கிறாளா?

வீரம்மா.


மஸ்கெலியா
28.3.1954

மகள் வீரம்மாவுக்கு அப்பா. சுகம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

தனியாக, சுவரோரம், சிரிக்காமல். இந்தப் போட்டோவை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னால், பழைய துரை காலத்தில், மேல் லயத்து மீனம்மாவை இப்படித்தான் பிடித்தார்கள். அவளும் ஆயா. "எதுக்குப் போட்டோ புள்ள?" என்று அவள் அப்பன் கேட்டான். "சும்மாத்தாம்பா" என்றாள். அடுத்த மழைக்குள் கப்பல் ஏறிவிட்டாள். துரையின் பிள்ளைகளோடு சீமைக்குப் போனவள் திரும்பவில்லை. அவளுடைய அப்பன் தபால்காரனைக் கண்டால் ரோட்டுக்கு ஓடுவான். ஓடி ஓடியே செத்தான்.

அப்போதாவது போனவர்கள் திரும்பினால் இறக்கிவிடுவார்கள். இப்போது? நாம் இந்த நாட்டு ஆள் இல்லை என்று வோட்டைப் பிடுங்கியாகிவிட்டது. வோட்டுப் போட ஆள் இல்லை, வெள்ளைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏற மட்டும் ஆள். கொழும்பில் திரும்ப வந்து இறங்கி, "நான் மஸ்கெலியாக்காரி" என்றால் உன்னை யார் நம்புவார்கள்? நாகுவையா சாட்சிக்குக் கூப்பிடுவாய்? அவளுக்கே உன்னைத் தெரியாதே.

கப்பல் ஏறப் போகிறாயா, இல்லையா? கடல், மணல், அலை எதுவும் எழுத வேண்டாம். ஆமா, இல்லை. ஒன்றை மட்டும் எழுது.

நிற்கிறாள். காளியாயி அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

அப்பா.


நுவரெலியா
20.4.1954

அப்பாவுக்கு வீரம்மா. இங்கே பனி அதிகம், எனக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.

ஆமா.

மே மாதக் கடைசியில் கப்பல். துரைக்கு ஆறு மாத லீவு. முடிந்ததும் எல்லோரும் திரும்பிவிடுவோம் என்கிறார்கள். என் பிள்ளை சின்னப் பிள்ளை என்று சொன்னேன். இங்கிலாந்து மகாராணி இப்போது இந்த நாட்டுக்கு வந்திருக்கிறார் அல்லவா. துரைசாணி சொன்னார்: "மகாராணியே ரெண்டு புள்ளைய விட்டுட்டு ஊர் ஊராப் போறாங்க. ஒனக்கு என்ன?"

போகாவிட்டால் தோட்டத்து வேலையிலிருந்து என் பேரை வெட்டிவிடுவார்கள். நாம் குடியிருக்கிற லயத்துக் காம்பரா என் பேரில் இருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போகாத ஆள். உங்களை எங்கே வைப்பேன்? இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

நேற்று ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். டேவிட் தூரத்தில் மானைப் பார்த்துவிட்டு, அதன் ஆயா எங்கே என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போய்விட்டு வந்துவிடுவேன்.

வீரம்மா.


மஸ்கெலியா
9.5.1954

மகளுக்கு அப்பா எழுதுவது. கவனமாகப் படி.

பங்களாவில் மிச்சம் இருந்த சாமான்களை எடுக்க உங்கள் வீட்டில் சமைக்கிற கோக்கி பழனியாண்டி நேற்று வந்தான். பிளேன்டீ கொடுத்து உட்காரவைத்தேன். "மகாராணி மாதிரி ஊர் சுத்துறாளாம்ல எம் மக" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"ஒங்களுக்கு ஒண்ணுந் தெரியாதுண்ணே" என்றான். லயத்தில் கக்குவான் இருமல் வந்ததால் துரைசாணி உன்னைக் கீழே இறங்க விடவில்லையாம். பங்களாவுக்குள் எடுத்த அன்றே உன் சேலைகளை எல்லாம் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார்களாம். மருந்துத் தண்ணீரில் குளியல், வண்ணான் வெளுத்த வெள்ளைச் சேலை, தினமும். நீ அவனிடம் அவன் பெண்டாட்டியின் பழைய சேலை ஒன்றை வாங்கி, படுக்கும்போது மட்டும் உடுத்தி, பகலில் தலையணைக்குள் ஒளித்து வைத்திருந்தாயாம். துரைசாணி கண்டெடுத்து வண்ணானிடம் போட்டுவிட்டார். அந்தச் சேலைதான் எனக்கு வந்தது. பால் கட்டி, மாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நீ அவர்கள் பிள்ளைக்குப் புட்டியில் பால் கொடுத்ததையும் சொன்னான். ஆம்பிளைப் பிள்ளை, அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இப்போது நான் எழுதாததைச் சொல்கிறேன். அந்தக் கக்குவான் நாகுவுக்கு வந்தது. மார்கழியில், நான் முதல் கடிதம் எழுதிய வாரம். மூச்சு திரும்பாமல் நீலமாகிப் போவாள். காளியாயி அக்கா தோளிலேயே வைத்திருந்து காப்பாற்றினாள். சேலையை வெந்நீரில் போட்டதும் அதற்காகத்தான். இருமி இருமி அதில் வாந்தி எடுத்திருந்தாள். அவர்கள் பிள்ளைக்கு வந்துவிடும் என்று எதைப் பயந்தார்களோ, அது உன் பிள்ளைக்கு வந்தது. தாயைப் பிடித்து மேலே வைத்துக்கொண்டு நோயைக் கீழே விட்டார்கள். மாட்டுக் கொட்டகையில்கூடக் கன்றுக்கு நோய் என்றால் பசுவைப் பிரித்துக் கட்ட மாட்டான் மாட்டுக்காரன்.

நான் பங்களாவுக்கு ஏறிப்போய்க் கேட்டிருப்பேன். துரை அங்கே இல்லை. பெரிய கங்காணியிடம் கேட்டேன். "ஆறு மாசந்தானேய்யா" என்கிறார். அவர் மகள் பேறுகாலத்துக்கு வந்து வருஷமாகிறது, இன்னும் புருஷன் வீட்டுக்கு அனுப்பவில்லை. அதையும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

காம்பராவைப் பற்றி எழுதினாய். எடுத்துக்கொள்ளட்டும். அந்தத் தகரத்துக்காக என் மகளைக் கடல் தாண்ட விடுவேனா?

நாகுவை அனுப்புகிறேன். பழனியாண்டி திரும்பிக் கொழும்புக்கு வரும்போது கூடவே வருவாள். எனக்கு முழங்கால் மடங்காது. ஆண்பிள்ளையை அந்த வீட்டுக் கேட்டுக்குள் விடவும் மாட்டார்களாம். காளியாயி அக்கா தூக்கிவருகிறாள். "ரயிலு ஏறியிருக்கியாக்கா?" என்றேன். "மன்னாருல இருந்து நடந்தேன்டா. ஒக்காந்துகிட்டுப் போறதுக்கா பயப்படுவேன்" என்கிறாள்.

பிள்ளையைப் பார். பார்த்துவிட்டு, அப்புறமும் கப்பல் ஏற முடிந்தால் ஏறு. நான் ஒரு சொல் கேட்க மாட்டேன்.

அப்பா.


நோட்டன் பிரிட்ஜ்
6.6.1954

அப்பாவுக்கு மகள் வீரம்மாவும் மருமகன் செல்லசாமியும் பேத்தி நாகலெட்சுமியும். மூன்று பேரும் சுகம். மூன்று என்று எழுதுவதற்காகவே இந்தத் தாளை வாங்கினேன்.

காளியாயி அத்தை உங்களிடம் எல்லாம் சொல்லியிருப்பார். இருந்தாலும் நானும் எழுதுகிறேன்.

குசினி வாசலில் அத்தை உட்கார்ந்திருந்தார். தோளில் நாகு. ரயில் புகைக்கரி இரண்டு பேர் முகத்திலும். நான் கையை நீட்டினேன். நாகு என் வெள்ளைச் சேலையைப் பார்த்தாள், அத்தை கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளே போனாள். அத்தை என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "போயி உடுப்ப மாத்திட்டு வா" என்று மடியிலிருந்து தொட்டில் சேலையை எடுத்துக் கொடுத்தார். நீலச் சேலை. அதில் என் வாசம் எங்கே இருக்கப்போகிறது அப்பா. நாகுவின் வாசந்தான் இருந்தது. அதை உடுத்தினேன்.

அதற்குள் டேவிட் வந்துவிட்டான்.

"ஆயா, இது யார் பேபி?"

"என் பேபி."

"அப்ப நானு?"

அவனுக்கு என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

துரைசாணி வந்தார். கெட்டவர் இல்லை அப்பா, பயந்தவர். "ஆறு மாசம்தான் வீரம்மா. சின்னப் புள்ள சீக்கிரம் மறக்கும்" என்றார்.

"அதுக்குத்தாங்கம்மா பயப்படுறேன்" என்றேன்.

அவ்வளவுதான் நான் பேசியது. துரை மட்டும் பேசினார். என் பேர் வெட்டியாகிவிட்டது, தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். சின்னவள் மாடியில் அழுதுகொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த அழுகை, பசி அழுகை. புட்டியை ஆற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ரயிலில் நாகு என்னிடம் வரவில்லை, அழவும் இல்லை. அத்தை மடியில் இருந்துகொண்டு என்னையே பார்த்தாள். கடுகண்ணாவை ஏறும் இருட்டுக் குகையில் ரயில் நுழைந்தபோது பயந்து என் சேலையைப் பிடித்தாள். வெளிச்சம் வந்த பிறகும் விடவில்லை. நாவலப்பிட்டி வருவதற்குள் என் மடியில் தூங்கிவிட்டாள்.

இவருக்குக் கொடுத்திருக்கும் தகரக் கொட்டகையில் இருக்கிறோம். பக்கத்தில் ஆறு இரைகிறது. உங்களுக்கும் இடம் இருக்கிறது. உங்கள் காம்பராவை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். இவர் ஞாயிற்றுக்கிழமை வந்து உங்களைக் கூட்டிவருவார். மறுக்காமல் வாருங்கள்.

வீரம்மா.


மஸ்கெலியா
20.6.1954

மகள் வீரம்மாவுக்கும் மருமகனுக்கும் பேத்திக்கும் அப்பா எழுதுவது. என் முழங்காலை இப்போது விசாரிக்கலாம். நோகிறது.

செல்லசாமி வர வேண்டாம். காம்பராவை எடுத்தது உண்மை. என் பானையையும் பாயையும் பெரிய கங்காணியின் ஆள் மழையில் வைத்தான். "ஏன்டா, பாயி மேலே பானைய வக்கிறியே, பாயாவது நனையாம இருக்கட்டும்னா?" என்று கேட்டேன். காளியாயி அக்காவையும் பிள்ளைக்காம்பராவிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தோட்டத்துப் பிள்ளையைக் கேட்காமல் வெளியே கொண்டுபோனாளாம். கேளுங்கள் இந்த நியாயத்தை. துரை நம் பிள்ளையின் தாயைச் சீமைக்குக் கொண்டுபோகலாம், கேட்கத் தேவையில்லை. பிள்ளையை அதன் தாயிடம் கொண்டுபோனவள் குற்றவாளி. இதைக் கோயில் முன்றலில் நின்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். நாளைக்கும் சொல்வேன்.

அக்காவுக்குச் சொந்தம் என்று ஒரு தம்பி மகன். அவன் காம்பராவின் பின் மூலையில் படுத்திருக்கிறாள். கொழும்பு வெயிலும் ரயில் காற்றும் சேர்ந்து நெஞ்சில் சளி கட்டிவிட்டது. அந்த வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். கஞ்சி வைத்துக் கொடுக்க நான்தான் இருக்கிறேன். சாக்கை விரித்து அங்கேயே படுத்துக்கொள்கிறேன். "போடா, மக கூப்புடுறால்ல, போ" என்று விரட்டுகிறாள். "ஒன் தம்பிய எறக்கி வச்சிட்டா நடந்த?" என்று கேட்டேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதனால் நான் வரவில்லை. விட்டுவிட்டு நடக்கிற கால் என்னிடமும் இல்லை. முழங்காலை மட்டும் சொல்லவில்லை.

டீச்சர் இதை எழுதிக்கொண்டே மூக்கை உறிஞ்சுகிறார். மையில் தண்ணீர் சொட்டினால் என்னைக் குறை சொல்லாதே.

நாகு பெரியவளாகி, நான் முதன்முதலில் யார் இடுப்பில் ரயில் ஏறினேன் என்று கேட்பாள். அப்போது நாங்கள் இருக்க மாட்டோம். நீ சொல்ல வேண்டும். மன்னாரில் இறங்கி நடந்த கூட்டத்தில் என் அப்பன் மாத்தளைக்கு வருமுன்னே போனான். என் அம்மா வேலாயி நான் மீசை முளைத்த வருஷம் போனாள். இடுப்பில் வந்த அந்தத் தம்பி, பிளேக் காய்ச்சல் வந்த வருஷம். பிள்ளைகளை இறக்காத அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியாக இந்தத் தேயிலைக்குக் கீழே போய்விட்டார்கள். எந்த வருஷம், எந்த மலை என்று கேட்டால் சொல்வேன். அந்த வழியைக் காலால் நடந்தவர்களில் இன்று மூச்சு இருப்பது ஒருத்திக்குத்தான். காளியாயி.